தரம் குறைந்த தாதுவிலும் கழிவுச் சேற்றிலும் உள்ள நிக்கல், கோபால்ட்டை எடுப்பது எப்படி: ஆய்வகத்துக்குப் புதியவர்களுக்கு

ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்தில் உள்ள சுகிந்தா பள்ளத்தாக்கில்தான் இந்தியாவின் குரோமைட்டில் (குரோமியத் தாதுவில்) மிகப் பெரும்பகுதி வெட்டப்படுகிறது. குரோமைட்டை எட்டுவதற்கு அதன் மேல் கிடக்கும் மஞ்சள் மண்ணையும் செம்மண்ணையும் அள்ளி ஓரமாகக் கொட்ட வேண்டும். பல பத்தாண்டுகளாகக் கொட்டிய அந்த மேல்மண் குன்று குன்றாக நிற்கிறது. அதில் பொதுவாக 0.4 முதல் 0.9 சதவீதம் வரை நிக்கலும், அதைவிட மிகக் குறைவாகக் கோபால்ட்டும் உண்டு. நாட்டின் நிக்கல் தாது வளம் சுமார் 18.9 கோடி டன் என்பது இந்தியச் சுரங்கப் பணியகத்தின் கணக்கு. அதில் ஏறக்குறைய 17.5 கோடி டன் ஒடிசாவில் இருக்கிறது. இருந்தும், செம்பு சுத்திகரிப்பில் துணைப்பொருளாகக் கிடைக்கும் சிறிதளவை விட்டால், நம் தேவைக்கு இறக்குமதியையே நம்பியிருக்கிறோம்.

இவ்வளவு மண் கிடந்தும் ஏன் எடுக்க முடியவில்லை? அந்த மண்ணில் நிக்கல் தனிக் கனிமமாக இல்லை. கோதைட் என்னும் இரும்புக் கனிமத்தின் படிகத்துக்குள், இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. நிக்கலை வெளியே கொண்டுவர இரும்பையும் சேர்த்துக் கரைத்தாக வேண்டும். இந்தத் துறைக்கு வருபவர் முதலில் மனதில் நிறுத்த வேண்டியது இதைத்தான்: எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதைவிட, எந்தக் கனிமத்துக்குள் இருக்கிறது என்பதே முறையையும் செலவையும் தீர்மானிக்கும்.

கீழே உள்ளவை ஆய்வகத்தில் 100 கிராம் அளவில் செய்யும் முதல் சோதனைகளுக்கான படிகள். வேதியியல், உலோகவியல் மாணவர்களையும், இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பொறியாளர்களையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. வீட்டிலோ கொட்டகையிலோ செய்யும் வேலை இல்லை இது. நிக்கல் தூசி புற்றுநோய் வரவழைக்கும். நிக்கல் உப்புக் கரைசல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும், ஒருமுறை வந்துவிட்டால் ஆயுளுக்கும் விடாது. நைட்ரைல் கையுறை, கண்ணாடி, தூசி முகமூடி, ஒழுங்காக இழுக்கும் புகைக்கூண்டு இல்லாமல் தொடங்க வேண்டாம்.

முதல் படி: சாம்பிள்

பெரும்பாலான தவறுகள் அமிலம் ஊற்றுவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. தாது ஆலைகள் கொட்டும் கழிவுச் சேற்றுக் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சேறு குழாயிலிருந்து விழும் இடத்தருகே பரும்படியான மணல் தங்கும். நுண்ணிய சேறு தள்ளிப்போய்ப் படியும். மேல் அடுக்கு காற்றும் மழையும் பட்டுத் துருப்பிடித்திருக்கும். ஆழத்தில் இருப்பது இன்னும் சல்பைடாகவே இருக்கும். கரையோரமாக நின்று மண்வெட்டியால் ஒரு வாளி அள்ளி வந்தால், அந்த வாளியைப் பற்றி மட்டும்தான் பேச முடியும். கைத் துளைப்பானால் கட்டம் போட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் மீட்டருக்கு ஒன்றாக எடுத்து, ஆழத்தை எழுதித் தனித்தனிப் பையில் கட்டுங்கள். கலப்பது பிறகு, கலந்ததைப் பிரிக்க முடியாது.

உலர்த்துவதில் தாதுவுக்குத் தாது வேறுபாடு உண்டு. மேல்மண் போன்ற ஆக்சைடு மண்ணை 105 டிகிரியில் உலர்த்தலாம். சல்பைடுச் சேற்றை, அதிலும் பைரோடைட் என்னும் இரும்புச் சல்பைடு உள்ளதை, 60 டிகிரிக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். அது அடுப்புக்குள்ளேயே ஆக்சிஜனேற்றமாகிச் சூடேறும், கந்தக வாடை வரும், பிறகு நீங்கள் சோதிப்பது வேறொரு பொருளை. உலர்ந்ததை நைட்ரஜன் நிரப்பிய பையில் கட்டிக் குளிரில் வையுங்கள்.

பிறகு கூம்பாகக் குவித்து நான்காகப் பகுத்தோ, ரிப்பிள் பெட்டியில் (சாம்பிளைச் சமமாக இரண்டாகப் பிரிக்கும் பெட்டி) ஓட்டியோ 100 கிராம் பொட்டலங்களாக்குங்கள். ரிப்பிள் பெட்டியின் வாய், மிகப் பெரிய துண்டைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும்.

அரைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். துருப்பிடிக்காத எஃகுக் கிண்ணத்தில் அரைத்தால் எஃகிலிருந்து நிக்கல் சேரும். டங்ஸ்டன் கார்பைடு கிண்ணத்தில் அரைத்தால் கோபால்ட் சேரும், ஏனென்றால் கார்பைடு தூளைப் பிடித்து வைத்திருக்கும் பசையே கோபால்ட்தான். 0.03 சதவீதக் கோபால்ட் உள்ள மண்ணில் இந்தச் சேர்க்கை அஸ்ஸேயையே (உலோக அளவீட்டையே) மாற்றிவிடும். அகேட் அல்லது சிர்கோனியா கிண்ணம் நல்லது. கரைக்கும் கலனிலும் இதே கதைதான்: 316 வகை எஃகுத் துடுப்பில் பத்து சதவீதத்துக்கு மேல் நிக்கல் இருக்கிறது. சூடான அமிலத்தில் கண்ணாடித் துடுப்பு அல்லது டெப்லான் பூசியது மட்டும்.

இரண்டாம் படி: எவ்வளவு, எங்கே

ராஜதிராவகத்தில் கரைத்து அளந்தால் குரோமைட்டும் சிலிக்கேட்டும் கரையாமல் அடியில் தங்கும். அளவு குறைந்து வரும். மொத்த அளவுக்கு சோடியம் பெராக்சைடு உருக்கல் நம்பகமானது. பல ஆய்வகங்களில் அதற்கு நிக்கல் குரூசிபிளையே வைத்திருப்பார்கள். நிக்கலை அளக்க நிக்கல் குரூசிபிளா என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. சிர்கோனியம் குரூசிபிள் கேட்டு வாங்குங்கள். ஐ.சி.பி. கருவியில் (தனிமங்கள் உமிழும் ஒளிக் கோடுகளைக் கொண்டு அளப்பது) அளந்தால் கோபால்ட்டின் 238.89 நானோமீட்டர் கோட்டின் மேல் இரும்பின் கோடு வந்து விழும். இரும்பு நிறைந்த மண்ணில் இல்லாத கோபால்ட் இருப்பதுபோலத் தெரியும். 228.62 கோட்டுக்குப் போங்கள், டைட்டானியம் அதிகமில்லை என்பதைப் பார்த்துக்கொண்டு. எந்தக் கோடானாலும், திட்டக் கரைசல்களில் சாம்பிளில் உள்ள அளவுக்கே இரும்பையும் சேர்த்துத் தயாரியுங்கள்.

நிக்கல், கோபால்ட் தவிர இரும்பு, மக்னீசியம், அலுமினியம், மாங்கனீஸ், குரோமியம், கந்தகம், கார்பனேட் ஆகியவையும் கட்டாயம் தேவை. அமிலச் செலவைத் தீர்மானிப்பவை இவைதான்.

பிறகு இருப்பிடம். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு (எக்ஸ்.ஆர்.டி.) எந்தக் கனிமங்கள் உள்ளன என்று சொல்லும். மின்னணு நுண்ணோக்கி எந்தத் துகளில் நிக்கல் இருக்கிறது என்று காட்டும். இவை கைக்கு எட்டாவிட்டால் ஓர் எளிய வழி உண்டு: ஹைட்ராக்சிலமீன் ஹைட்ரோகுளோரைடின் 0.25 மோலார் கரைசலில் ஒரு கிராம் மண்ணைக் குலுக்கி வடிகட்டுங்கள். அது மாங்கனீஸ் ஆக்சைடுகளைக் கரைக்கும், கோதைட்டை ஏறக்குறைய தொடாது. சுகிந்தா மேல்மண் போன்ற லேட்டரைட் மண்ணில் கோபால்ட்டின் பெரும்பங்கு இந்தக் கரைசலில் வந்துவிடும். நிக்கலில் சிறு பங்குதான் வரும். ஒரே மண்ணில் இரண்டு உலோகமும் இரண்டு வெவ்வேறு வீடுகளில் குடியிருப்பது இங்கே கண்ணுக்கு நேராகத் தெரியும்.

சல்பைடுச் சேற்றில் நிலைமை வேறு. பென்ட்லண்டைட் (நிக்கல்-இரும்புச் சல்பைடு) துகள்களாக இருந்தால் மறுபடி அரைத்து மிதத்தலில் (நுரையோடு துகளை மிதக்கவிட்டுப் பிரிப்பது) எடுக்கலாம். கனடாவின் சட்பரியில் ஒதுக்கி வைத்த பைரோடைட் கழிவில் சுமார் 0.8 சதவீதம் நிக்கல் இருக்கிறது. அதில் பெரும்பங்கு பைரோடைட்டின் படிகத்துக்குள் கலந்தே கிடப்பதால் எவ்வளவு நுண்மையாக அரைத்தாலும் மிதத்தலில் பிரியாது. செர்பென்டைன் என்னும் மக்னீசியம் சிலிக்கேட்டுக்குள் இருக்கும் 0.2, 0.3 சதவீத நிக்கலை மிதத்தலில் எடுக்கப் பார்ப்பது நேர விரயம்.

மூன்றாம் படி: காகிதத்தில் அமிலக் கணக்கு

ஆய்வகத்தில் ஒரு துளி ஊற்றும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். கந்தக அமிலத்தில் கரைந்து கரைசலிலேயே நின்றால், ஒரு கிலோ இரும்பு கோதைட்டிலிருந்து கரைய 2.63 கிலோ அமிலம், ஒரு கிலோ மக்னீசியத்துக்கு 4.03 கிலோ, ஒரு கிலோ அலுமினியத்துக்கு 5.45 கிலோ தேவை.

45 சதவீத இரும்பும் 0.8 சதவீத நிக்கலும் உள்ள ஒரு டன் மஞ்சள் மண்ணை முழுதாகக் கரைத்தால் இரும்புக்கு மட்டும் 450 × 2.63, அதாவது சுமார் 1,180 கிலோ அமிலம் போகும். கிடைப்பது 8 கிலோ நிக்கல். சாதாரண அழுத்தத்தில் இந்த மண்ணைக் கரைக்க நினைப்பவர்கள் இடறும் இடம் இது.

இதற்கு உலகம் கண்ட விடை உயரழுத்த அமிலக் கரைப்பு. கியூபாவின் மோவாவில் 1959-இல் தொடங்கியது. 245 முதல் 255 டிகிரியில், அந்தச் சூட்டின் நீராவி அழுத்தமான சுமார் 40 பாரில், இரும்பு கரைந்த வேகத்திலேயே ஹேமடைட் என்னும் இரும்பு ஆக்சைடாகப் படிந்து அமிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. நிக்கலும் கோபால்ட்டும் கரைசலில் நிற்கின்றன. அமிலச் செலவு டன்னுக்கு 250 முதல் 400 கிலோவில் முடிகிறது. ஆனால் மக்னீசியம் கரைந்தால் கரைந்ததுதான், அமிலத்தைத் திருப்பித் தராது. அதனால் மக்னீசியம் நான்கைந்து சதவீதத்தைத் தாண்டும் சாப்ரோலைட் மண்ணுக்கு (மஞ்சள் மண்ணுக்குக் கீழே பாதி சிதைந்து கிடக்கும் பாறை அடுக்கு) இந்த வழி கட்டுப்படியாகாது. அது உலையில் உருக்கி பெரோநிக்கலாக (இரும்பு-நிக்கல் கலப்புலோகமாக) போகிறது. மூன்றாவது வழி, கேரன் முறை: மண்ணை ஒடுக்க வறுவல் செய்து நிக்கலை உலோகமாக்கி, அமோனியா கரைசலில் எடுப்பது. கியூபாவின் நிக்காரோவில் 1944 முதல் நடந்தது. அமிலம் வேண்டாம், எரிபொருள் நிறைய வேண்டும், கோபால்ட்டில் பெரும்பங்கு தப்பிவிடும்.

உயரழுத்தச் சோதனைக்கு டைட்டானியம் ஆட்டோகிளேவ் வேண்டும். புதியவர்கள் தனியாக அதைத் தொடக் கூடாது. டைட்டானியத்தைக் காப்பாற்றுவது கரைசலில் உள்ள மூவிணைதிற இரும்பு போன்ற ஆக்சிஜனேற்றிகள்; வெறும் அமிலத்தை மட்டும் ஊற்றிச் சூடாக்கிப் பார்க்கலாம் என்று யாராவது நினைத்தால் கலன் அரிக்கப்படும். மண்ணோடு சேர்த்துத்தான் அமிலம் சூடாக வேண்டும்.

நான்காம் படி: சாதாரண அழுத்தத்தில் ஒரு கரைப்பு

செலவு கட்டுப்படியாகாது என்று தெரிந்தும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டியிருக்கிறது. மண்ணின் குணத்தைக் காட்டுவது இதுதான். பிந்தைய படிகளுக்கான கரைசலும் இதிலிருந்தே கிடைக்கிறது.

100 கிராம் உலர் மண், 75 மைக்ரானுக்குக் கீழ் அரைத்தது. இரண்டு லிட்டர் கண்ணாடிக் கலன், மேலே குளிர்விப்பான், 400 முதல் 500 சுற்று கலக்கல். 850 மி.லி. தண்ணீரில் மண்ணைப் போட்டுக் கலக்கியபடி 80 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். டன்னுக்கு 1,100 கிலோ கணக்கில் 110 கிராம் அமிலம் வேண்டும். 98 சதவீத அமிலமானால் அது 61 மி.லி. துளிப் புனலில் 20 நிமிடம் எடுத்து விடுங்கள். கார்பனேட் இருந்தால் நுரைத்துப் பொங்கும்; அப்போது நிறுத்திவிட்டு நுரை அடங்கிய பின் தொடருங்கள். பிறகு 95 டிகிரி, எட்டு மணி நேரம்.

அரை மணி, ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு, எட்டு மணியில் 10 மி.லி. எடுத்து 0.45 மைக்ரான் வடியில் சூடாகவே வடித்து, உடனே 2 சதவீத நைட்ரிக் அமிலத்தில் நீர்க்க வையுங்கள். பாட்டிலில் அப்படியே வைத்தால் ஆறும்போது உப்புகள் படியும். மறுநாள் அளவு குறைவாகக் காட்டும். கலனை முன்னும் பின்னும் எடை போட்டு, ஆவியான தண்ணீரைச் சுடுநீரால் ஈடுசெய்யுங்கள். மீதியுள்ள அமிலத்தை டைட்ரேட் செய்யும்போது இரும்பு குறுக்கிடும். பொட்டாசியம் ஆக்சலேட் சேர்த்து மறைத்த பின் செய்யுங்கள்.

நேரத்துக்கு எதிராக நிக்கல், இரும்பு, கோபால்ட், மாங்கனீஸ் நான்கையும் ஒரே தாளில் வரையுங்கள். நிக்கல் கோடு இரும்புக் கோட்டை ஒட்டியே ஏறினால் நிக்கல் கோதைட்டுக்குள் இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். கோபால்ட் கோடு மாங்கனீஸோடு சேர்ந்து பாதியில் படுத்துவிட்டால் ஒடுக்கி தேவை. சோடியம் மெட்டாபைசல்பைட், மாங்கனீஸ் ஒரு கிராமுக்குக் கணக்கின்படி சுமார் 1.75 கிராம், இரும்பும் அதில் பங்கு கேட்கும் என்பதால் இரட்டிப்பாகக் கொடுங்கள். அமிலத்தில் விழுந்ததும் கந்தக டை ஆக்சைடு கிளம்பும். புகைக்கூண்டின் கண்ணாடியை இறக்கிவிட்டு, சிறு சிறு பகுதியாக.

நிக்கல் கரைப்பு மந்தமாக இருந்தால் இன்னொரு பொட்டலத்தை 350, 400 டிகிரியில் ஒரு மணி நேரம் வறுத்துவிட்டுச் செய்து பாருங்கள். கோதைட் தண்ணீரை இழந்து துளைகள் நிறைந்த ஹேமடைட்டாகும். அமிலம் உள்ளே புக வழி கிடைக்கும். 600-ஐத் தாண்டினால் துளைகள் மூடிக்கொள்ளும், பலன் தலைகீழாகும்.

வடித்த கேக்கை (வடியில் தங்கும் ஈரத் திடப்பொருளை) கழுவுவதில் சோம்பல் வேண்டாம். பி.எச். 2 அளவில் அமிலம் கலந்த நீரால் மூன்று முறை. வெறும் தண்ணீரில் கழுவினால் பி.எச். ஏறி இரும்பு கேக்குக்குள்ளேயே கூழாகப் படிந்து, நிக்கலையும் பிடித்துக்கொள்ளும்.

சல்பைடாக இருந்தால்: பாக்டீரியா

சல்பைடுக் கழிவுக்கு அமிலம் வாங்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை, கழிவே அமிலம் தரும். உகாண்டாவின் கிலெம்பே செம்புச் சுரங்கம் விட்டுப்போன பைரைட் குவியலில் சுமார் 1.4 சதவீதம் கோபால்ட் இருந்தது. மழையில் அது அமிலமாக வழிந்து குயின் எலிசபெத் தேசியப் பூங்காவின் செடிகொடிகளைக் கருக்கியது. 1999-இல் கசேசேயில் தொடங்கிய ஆலை, அந்தக் குவியலைப் பெரிய கலக்கும் தொட்டிகளில் 42 டிகிரியில் பாக்டீரியாவைக் கொண்டு கரைத்துக் கோபால்ட் தகடாக எடுத்தது. கழிவும் தீர்ந்தது, உலோகமும் கிடைத்தது. நம் நாட்டில் இந்த வேலையை யார் தொடங்கினாலும் முதலில் படிக்க வேண்டிய முன்மாதிரி இதுதான். பின்லாந்தின் சோட்கமோவில் 0.2 சதவீதத்தைச் சற்றே தாண்டிய நிக்கல் உள்ள கருநிறப் பலகைப் பாறையையே (பிளாக் ஷிஸ்ட்) நொறுக்கி, எட்டு மீட்டர் உயரக் குவியலாக்கி, அடியிலிருந்து காற்றூதி, மேலிருந்து கரைசல் தெளித்து எடுக்கிறார்கள். சல்பைடு எரியும் சூடே பனிக்காலத்திலும் குவியலை இயங்க வைக்கிறது. அதே இடத்தில் 2012 நவம்பரில் ஜிப்சம் குளம் கசிந்து சுற்றியுள்ள நீர்நிலைகள் கெட்டதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பிளாஸ்க் சோதனைக்கு அசிடிதயோபாசிலஸ் பெரோஆக்சிடன்ஸ் வளர்ப்பை நுண்ணுயிர்ச் சேகரிப்பு நிலையத்தில் வாங்கலாம். சுரங்கத்திலிருந்து வடியும் செந்நீரிலிருந்தே வளர்த்தெடுத்தால் அந்த இடத்துக்குப் பழகியதாகவும் இருக்கும். ஊட்டக் கரைசல் 9கே: லிட்டருக்கு அமோனியம் சல்பேட் 3 கிராம், டைபொட்டாசியம் பாஸ்பேட் 0.5, மக்னீசியம் சல்பேட் 0.5, பொட்டாசியம் குளோரைடு 0.1, கால்சியம் நைட்ரேட் 0.01, வளர்ப்புக்கு மட்டும் பெரஸ் சல்பேட் 44 கிராம். தாதுவோடு ஓட்டும்போது பெரஸ் சல்பேட் வேண்டாம். அமோனியத்தையும் பத்தில் ஒன்றாக்குங்கள். முழு அளவில் போட்டால் இரும்போடு சேர்ந்து ஜரோசைட் என்னும் கரையாத சல்பேட்டாகிச் சல்பைடுத் துகளின் மேல் மஞ்சள் தோலாகப் படியும், பிறகு உள்ளே எதுவும் நடக்காது. குழாய்த் தண்ணீரும் ஆகாது. ஊட்டக் கரைசலில் உள்ள சிறிதளவைத் தாண்டிக் குளோரைடு மிகுந்தால் இந்தப் பாக்டீரியாவுக்கு விஷம்.

250 மி.லி. பிளாஸ்கில் 100 மி.லி. கரைசல், 10 மி.லி. வளர்ப்பு, 30 டிகிரி, 150 சுற்று. முதல் வாரமே 10 சதவீதச் சேறு போட்டால் வளர்ப்பு செத்துவிடும். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என ஏற்றுங்கள்; ஒவ்வொரு படியிலும் பெரஸ் இரும்பு தீர்ந்து மின்னழுத்தம் உயர்ந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். வெள்ளி-வெள்ளி குளோரைடு முனையில் 350 மில்லிவோல்ட்டில் தொடங்கி 550-க்கு மேல் ஏறினால் பாக்டீரியா வேலை செய்கிறது. முதல் சில நாட்கள் பி.எச். ஏறும், பைரோடைட்டும் கார்பனேட்டும் அமிலத்தைக் குடிப்பதால். 2-ஐத் தாண்டவிடாமல் அமிலம் கொடுங்கள். தைமால் போட்டுப் பாக்டீரியாவைத் தடுத்த ஒரு பிளாஸ்கைப் பக்கத்திலேயே ஓட்டுங்கள். அது இல்லாமல், கரைந்ததில் எவ்வளவு பாக்டீரியாவால், எவ்வளவு வெறும் அமிலத்தால் என்று சொல்ல முடியாது.

இரும்பை வெளியேற்றுதல்

கையில் இப்போது இருப்பது தேயிலைச் சாறு நிறத்தில் ஒரு கரைசல். லிட்டருக்கு நான்கைந்து கிராம் கூட இல்லாத நிக்கல், அதன் பத்து மடங்குக்கு மேல் இரும்பு. இந்தப் படியில் அவசரப்பட்டால் முந்தைய உழைப்பெல்லாம் கேக்கில் போய்ச் சேரும்.

சுண்ணாம்பை விடச் சுண்ணாம்புக்கல் மாவு நல்லது. சுண்ணாம்பு விழுந்த இடத்தில் பி.எச். 10-க்கு மேல் எகிறி நிக்கலும் படியும். கார்பனேட் எவ்வளவு கொட்டினாலும் 6-ஐ ஒட்டியே நிற்கும். மூவிணைதிற இரும்பு ஒரு கிலோவுக்கு 2.7 கிலோ, மீதி அமிலம் ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ என்று கணக்கிடுங்கள். 20 சதவீதக் கூழாகக் கரைத்து, கரைசலை 85 டிகிரியில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குப் பரப்பி விடுங்கள். முதல் கட்டம் பி.எச். 3 வரை, இரும்பில் பெரும்பகுதி இங்கே போகும், நிக்கல் இழப்பு மிகக் குறைவு. வடித்துவிட்டு இரண்டாம் கட்டம் 4.5 முதல் 5 வரை, காற்றை ஊதியபடி. மிச்ச இரும்பு, அலுமினியம், குரோமியம் இங்கே படியும், கூடவே கொஞ்சம் நிக்கலும். இந்த இரண்டாம் கேக்கை எறியாதீர்கள். அடுத்த கரைப்பின் அமிலத்தில் போட்டால் அதிலுள்ள நிக்கல் திரும்பி வரும்.

வேகமாகச் சேர்த்தால் என்ன ஆகும் என்று பார்த்தாலே தெரியும்: வடியின் மேல் செம்பழுப்புக் கூழ் தோலாக ஒட்டிக்கொண்டு, பம்பு ஓடிக்கொண்டிருக்கும், ஒரு சொட்டு இறங்காது. முந்தைய ஓட்டத்தின் கேக்கில் கொஞ்சத்தை விதையாகப் போட்டு நிதானமாகச் செய்தால் அதே இரும்பு மணல்போலப் படிந்து நிமிடங்களில் வடியும்.

பெரஸ் இரும்பு இந்தப் பி.எச்.-இல் படியாது. வடித்த கரைசலில் ஒரு துளிக்கு ஒரு துளி ஹைட்ரஜன் பெராக்சைடும் பொட்டாசியம் தயோசயனேட்டும் விடுங்கள். ரத்தச் சிவப்பு வந்தால் இரும்பு இன்னும் இருக்கிறது. பெராக்சைடை அளந்து சேர்த்து, பி.எச்.-ஐச் சரிசெய்து மறுபடி வடியுங்கள். கரைசல் தெளிந்த பச்சையாக வர வேண்டும்.

நிக்கல்-கோபால்ட் கேக்

மக்னீசியம் ஆக்சைடால் படியவைப்பதே புதியவர்களுக்கு ஏற்றது. ஹைட்ரஜன் சல்பைடு வாயுவால் படியவைக்கும் வழி ஆலைகளில் உண்டு. உயிரைக் கொல்லும் வாயு அது, இந்த நிலையில் வேண்டாம். சோடியம் ஹைட்ராக்சைடு சீக்கிரம் வேலை செய்யும், ஆனால் வடியாத வழவழப்பான கேக்கைத் தரும்.

ஒரு கிராம் நிக்கலுக்கு 0.69 கிராம் மக்னீசியம் ஆக்சைடு. லிட்டருக்கு 4 கிராம் நிக்கல் உள்ள கரைசலுக்கு 2.75 கிராம் கணக்கு. அதில் பத்து சதவீதம் குறைத்தே போடுங்கள், மிகுந்தால் கரையாத மக்னீசியம் கேக்கில் அழுக்காக நிற்கும். 50 முதல் 60 டிகிரி, மூன்று மணி நேரம், பி.எச். 7.0 முதல் 7.3. அதற்கு மேல் போனால் மாங்கனீஸும் வந்து சேரும். கரைசலில் தங்கும் மிச்ச நிக்கலைச் சுண்ணாம்பால் பி.எச். 8-இல் படியவைத்து, அந்தக் கேக்கையும் இரும்பு நீக்கும் கட்டத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

எந்த மக்னீசியா என்பது முக்கியம். சேலத்துக் கற்களைச் சுட்டு வரும் மக்னீசைட்டைத் தமிழ்நாட்டில் பலர் அறிவார்கள். 1,600 டிகிரிக்கு மேல் சுட்டு உலைச் செங்கலுக்குப் போகும் வகை இந்த வேலைக்கு ஆகாது. நாள் முழுக்கக் கலக்கினாலும் வினைபுரியாமல் கிடக்கும். 700 முதல் 1,000 டிகிரிக்குள் இலேசாகச் சுட்டதைக் கேளுங்கள். அதுவும் திறந்த மூட்டையில் மழைக்காலம் கழித்தால் காற்றின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் பிடித்து மந்தமாகிவிடும்.

வெளிறிய பச்சைக் கேக் கிடைக்கும். அதை அடுப்பில் உலர்த்தாதீர்கள், திறந்தும் வைக்காதீர்கள். காற்றுப்பட்டால் கோபால்ட்டும் மாங்கனீஸும் உயர் இணைதிறத்துக்கு மாறிக் கேக் கருக்கும். பிறகு அமிலத்தில் எளிதில் கரையாது, ஒடுக்கி தேடி அலைய வேண்டும். ஈரத்தோடு காற்றுப்புகாமல் கட்டுங்கள்.

இரண்டையும் பிரிக்க

கேக்கை நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்து, சயனெக்ஸ் 272 என்னும் கரைப்பானை மண்ணெண்ணெயில் 20 சதவீதமாகவும் டிரைபியூட்டைல் பாஸ்பேட்டை 5 சதவீதமாகவும் கலந்து, சம அளவில் 50 டிகிரியில் ஐந்து நிமிடம் கலக்குங்கள். கோபால்ட்டை ஏற்கும்போது அமிலம் வெளிவந்து பி.எச். இறங்கும், சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டி 5 முதல் 5.5-இல் நிறுத்துங்கள். இதைப் பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. கீழே நீர்ப்பகுதி நிக்கலின் பச்சையில் நிற்க, மேலே எண்ணெய்ப் பகுதி பேனா மையைப் போல ஆழ்ந்த நீலமாகும். நீலம் கோபால்ட். பி.எச். 6-ஐத் தாண்டினால் நிக்கலும் ஏறத் தொடங்கும், பிரிவு கெடும். துத்தநாகமும் மாங்கனீஸும் கோபால்ட்டுக்கு முன்பே ஏறிவிடும் என்பதால் அவை இருந்தால் முதலில் டி2இஎச்பிஏ கரைப்பானால் பி.எச். 3 அளவில் எடுத்துவிடுங்கள். எண்ணெய்ப் பகுதியிலிருந்து கோபால்ட்டை நீர்த்த கந்தக அமிலம் இறக்கித் தரும். நீலம் போய் நீர்ப்பகுதி இளஞ்சிவப்பாகும். இரும்பு தப்பி வந்திருந்தால் அது எண்ணெயிலேயே தங்கி, ஓட்டத்துக்கு ஓட்டம் அதன் திறனைக் குறைக்கும்.

கணக்கு முடித்தல்

100 கிராம் மண்ணில் 0.8 கிராம் நிக்கல். கரைப்புக்குப் பின் மிச்சம் 38 கிராம், அதில் 0.21 சதவீதம் நிக்கல், அதாவது 0.08 கிராம். எனவே கரைந்தது 90 சதவீதம். எடையை விட்டுவிட்டு 0.8-க்கு 0.21 என்று சதவீதத்தை மட்டும் ஒப்பிடுபவர் 74 என்று எழுதுவார். அறிக்கைகளில் அடிக்கடி காணும் பிழை இது. அடுத்து, கழுவு நீரோடு சேர்ந்த 0.95 லிட்டர் கரைசலில் லிட்டருக்கு 0.74 கிராம், அதாவது 0.703 கிராம். இரண்டையும் கூட்டினால் 0.783, உள்ளே போனதில் 98 சதவீதம் கணக்கில் வந்துவிட்டது. 95-க்கும் 105-க்கும் இடையே இல்லாவிட்டால் கரைப்புச் சதவீதத்தை யாரிடமும் சொல்லாதீர்கள். கசிவையோ அஸ்ஸே பிழையையோ முதலில் தேடுங்கள்.

கடைசியாக, மிச்சக் கேக்கும் கழிவுநீரும். சுகிந்தா மண்ணில் குரோமியம் உண்டு. மாங்கனீஸ் ஆக்சைடு அருகிலிருந்தால் மூவிணைதிறக் குரோமியம் நச்சான ஆறிணைதிறமாக மாறக்கூடும். வடிநீரில் டைபீனைல் கார்பசைடு விட்டு ஊதா வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அமில நிலையில் பெரஸ் சல்பேட் சேர்த்து ஒடுக்கி, பிறகு சுண்ணாம்பு. இந்தியக் குடிநீர்த் தரம் நிக்கலுக்கு லிட்டருக்கு 0.02 மில்லிகிராம், மொத்தக் குரோமியத்துக்கு 0.05, கழிவு எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்று பார்க்க இந்த எண்களை அறிக்கையின் ஓரத்தில் எழுதி வையுங்கள். மக்னீசியம் சல்பேட் சுண்ணாம்புக்கு எளிதில் அடங்காது, பி.எச். 10-ஐ ஒட்டிப் போனால்தான் மக்னீசியம் படியும்; படியவைக்காமல் விட்டால் அந்தச் சல்பேட் அப்படியே ஓடைக்குப் போகும். ஆகவே பாத்திரம் கழுவிய நீர் உட்பட எல்லாவற்றையும் ஒரே கேனில் சேர்த்து, நடுநிலையாக்கி, வடித்து, அளந்த பின்பே வெளியே விடுங்கள். கேக்கைச் சாம்பிள் எண், தேதி, பி.எச். எழுதிய பையில் கட்டி, முதல் பொட்டலத்தின் பக்கத்திலேயே வையுங்கள்.